எண்ணுக்கும் இஸ்னாத் வேண்டும்

அரபுக் கல்லூரியின் மேல்வகுப்பு மாணவர்களுக்கு இன்றைய அரபு உரைநடையைப் பழக்குவதற்காக நாம் சில ஆண்டுகள் ஓர் அறிக்கையைப் பாடமாக வைத்திருந்தோம். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட 'அரபு மனித மேம்பாட்டு அறிக்கை' அது. எகிப்தியப் பொருளியலறிஞர் நாதிர் ஃபர்கானீயின் தலைமையில் அரபு அறிஞர்களே கூடி எழுதிய நூல் என்பதால் அதன் மொழி செறிவானது. அதன் துணிவும் மறுக்கவொண்ணாதது. அரபு நாடுகளைப் பீடித்திருப்பவை மூன்று பற்றாக்குறைகள் என அது வகுத்துரைத்தது. சுதந்திரத்தில் ஒன்று, பெண்கள் ஆற்றல் பெறுவதில் ஒன்று, அறிவில் ஒன்று. ஆள்வோரின் முகம் பார்த்து எழுதப்படும் நூல்களுக்கிடையே அது தனித்து நின்றது.

அவ்வறிக்கையில் அறிவின் வறுமையைக் காட்டும் ஒரு கணக்கு வருகிறது. அரபுலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 330 நூல்களையே மொழிபெயர்க்கிறது. கலீஃபா மஃமூனின் காலம் தொட்டு இன்றுவரை மொழிபெயர்க்கப்பட்ட நூல்களின் மொத்தத் தொகை ஏறத்தாழ ஓர் இலட்சம். ஸ்பெயின் நாடு ஓராண்டில் மொழிபெயர்ப்பதும் அவ்வளவே என்பது அதன் சாரம். இதைப் படித்த நாள் முதல் நாம் அதைக் கல்லூரி ஆண்டு விழாவிலும் மீலாத் மேடைகளிலும் சொல்லி வந்தோம். பைத்துல் ஹிக்மாவைக் கண்ட சமுதாயம் இன்று இந்நிலையில் இருக்கிறதே என்று நாம் வருந்தியபோதெல்லாம் அவையும் சேர்ந்து வருந்தியது.

ஒருநாள் வகுப்பில் அந்தப் பத்தியை வாசித்து முடித்தபோது, ஹதீஸ் கலை நூல்களை அப்போதுதான் ஓதத் தொடங்கியிருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். "ஹஸ்ரத், மஃமூன் காலத்திலிருந்து இதை எண்ணிக்கொண்டு வந்தவர் யார்? இந்த எண்ணுக்கு இஸ்னாத் உண்டா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஆண்டு, அதாவது 2003இல், இதே வரிசையில் வெளிவந்த இரண்டாம் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். அதில் மஃமூன் காலம் முதலான மொத்தத் தொகை பத்தாயிரம் என்று இருந்தது. ஸ்பெயினின் ஓராண்டுக் கணக்கும் அதற்கேற்பப் பத்தாயிரமாகிவிட்டது. ஓராண்டு இடைவெளியில் ஒரு சுழியம் காணாமற்போயிருந்தது. ஒரே செய்தி ஒன்றோடொன்று முரண்படும் வடிவங்களில் வந்து, எது சரியெனத் தேர்ந்துகொள்ள வழியில்லாதபோது, ஹதீஸ் கலை அதனை 'முழ்தரிப்' என்று ஒதுக்கும். இங்கு நேர்ந்தது அதுவே.

செய்தியின் உடற்பகுதியாகிய மத்தனை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அது நிற்கவில்லை. ஆண்டுக்கு 330 என்றால் முப்பதே ஆண்டுகளில் பத்தாயிரத்தை எட்டிவிடலாம். அப்படியாயின் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் உழைப்புக்கு அத்தொகையில் இடம் எங்கே? 1835இல் கெய்ரோவில் தொடங்கிய மொழிகள் கல்விக்கூடத்தில் ரிஃபாஆ தஹ்தாவீயும் அவர்தம் மாணவர்களும் பெயர்த்தவற்றுக்கு இடம் எங்கே? இச்சிறு கூட்டல் கணக்கை நாம் ஒருமுறையேனும் போட்டுப் பார்த்திருக்கலாம். நாம் சொல்ல விரும்பிய புலம்பலுக்கு அந்த எண் வசதியாக இருந்தது; ஆகவே விசாரிக்காமல் ஏற்றுக்கொண்டோம். அரபு மொழிபெயர்ப்பு நலிந்திருப்பது உண்மையே. எனினும் உண்மையான ஒரு கருத்துக்கும் பலவீனமான அறிவிப்பைச் சான்றாக்கக் கூடாது என்பதை மாணவர்க்குக் கற்பிக்கும் நாமே மறந்திருந்தோம்.

இக்கட்டுரை அந்த ஓர் எண்ணைப் பற்றியதன்று. ஒரு நாட்டின் நலத்தை அளந்து கூறும் சமூகப் பொருளாதார ஆய்வுகளை நாம் எவ்வாறு வாசித்தல் வேண்டும் என்பதே நம் வினா. அதற்கு எடுத்துக்காட்டாக ஒரு நாட்டைத் தேர்ந்துகொள்கிறோம். ஆய்வுலகம் மிகவும் பாராட்டிய, பின்னர் ஆய்வுலகத்தையே வியப்பில் ஆழ்த்திய துனீசியா அந்நாடு.

பாராட்டப்பட்ட நாடு

2010 நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் தனது மனித மேம்பாட்டு அறிக்கையின் இருபதாம் ஆண்டுப் பதிப்பை வெளியிட்டது. 1970 முதல் நாற்பது ஆண்டுகளில் மக்கள் வாழ்வை மிக விரைவாக மேம்படுத்திய பத்து நாடுகளின் பட்டியல் அதில் இருந்தது. முதலிடம் ஓமானுக்கு. சவூதி அரேபியா, துனீசியா, அல்ஜீரியா, மொராக்கோ என மேலும் நான்கு அரபு நாடுகள் அப்பத்தில் இடம்பெற்றன. துனீசியாவுக்கு ஏழாம் இடம்.

அப்பாராட்டு தகுதியற்றதன்று. 1970இல் ஏறத்தாழ 54 ஆண்டுகளாக இருந்த அந்நாட்டு மக்களின் சராசரி ஆயுள் 2010இல் 74ஐ எட்டியிருந்தது. ஆண் பெண் இருபாலரும் பள்ளி சென்றனர். பிற நிறுவனங்களும் இவ்வாறே புகழ்ந்தன. 2008 நவம்பரில் துனிஸ் நகருக்கு வந்த பன்னாட்டு நாணய நிதியத்தின் தலைவர் அந்நாட்டின் பொருளாதாரக் கொள்கையை மற்ற நாடுகளுக்கு முன்மாதிரி என்ற அளவில் உயர்த்திப் பேசினார். உலகப் பொருளாதார மன்றம் 2010இல் வெளியிட்ட போட்டித்திறன் பட்டியலில் துனீசியா 32ஆம் இடத்தில், ஆப்பிரிக்க நாடுகள் அனைத்துக்கும் முன்னே நின்றது.

மனித மேம்பாட்டு அறிக்கை வெளிவந்து ஆறு வாரங்கள் கழிந்தன. 2010 டிசம்பர் 17 அன்று, நாட்டின் உட்பகுதியிலுள்ள சீதீ பூஸீத் என்னும் ஊரில், முஹம்மத் பூஅஸீஸி என்ற இருபத்தாறு வயதுப் பழ வணிகர் அரசு அலுவலகத்தின் முன் தம்மீது தீ வைத்துக்கொண்டார். தள்ளுவண்டியில் பழம் விற்றவர் அவர். நகராட்சி ஊழியர்கள் அவருடைய தராசைப் பறித்துச் சென்றிருந்தனர். முறையிடப் போன இடத்தில் செவிகொடுப்பார் இல்லை. தற்கொலையை மார்க்கம் தடுத்திருக்கிறது. அச்செயலை நாம் போற்றவில்லை. ஆனால் அதற்குப் பின் தெருவுக்கு வந்த மக்கள் திரள் ஒரு தனிமனிதரின் செயலால் மட்டும் வந்ததன்று. ஜனவரி 4 அன்று அவர் இறந்தார். ஜனவரி 14 அன்று, இருபத்துமூன்று ஆண்டுகள் ஆண்ட ஸைனுல் ஆபிதீன் பின் அலீ நாட்டைவிட்டு வெளியேறினார்.

அவ்வாறெனில் அறிக்கை பொய்யா? இல்லை என்பதே நம் முடிபு. ஆயுள் உயர்ந்தது உண்மை. கல்வி பரவியது உண்மை. அறிக்கை சொன்னவற்றில் அன்று, கேளாமல் விட்ட வினாக்களில்தான் குறை இருந்தது.

ஹக் கேட்ட வினா

மனித மேம்பாட்டுக் குறியீட்டெண்ணை 1990இல் உலகுக்கு அளித்தவர் மஹ்பூபுல் ஹக். 1934இல் ஜம்முவில் பிறந்து, பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானியரான பொருளியலறிஞர். ஒரு நாட்டின் நலத்தை அதன் மொத்த உற்பத்தியைக் கொண்டே அளந்துவந்த வழக்கத்தை அவர் எதிர்த்தார். ஆயுதம் விற்றாலும் அரிசி விற்றாலும் ஒன்றாகவே கூட்டும் அக்கணக்குக்கு மாற்றாக, மக்கள் எத்தனை ஆண்டு வாழ்கிறார்கள், என்ன கற்றிருக்கிறார்கள், கண்ணியமாக வாழ வருவாய் உண்டா என்ற மூன்றையும் சேர்த்து ஓர் எண்ணாக்கினார். இவ்வளவு பெரிய பொருளை ஒற்றை எண்ணுக்குள் அடக்கலாமா என்று அவருடைய நண்பர் அமர்த்தியா சென் தொடக்கத்தில் தயங்கினார். மொத்த உற்பத்தி என்னும் ஒற்றை எண்ணை வெல்வதற்கு இன்னொரு ஒற்றை எண்தான் வேண்டும் என்பது ஹக்கின் வாதம். அவ்வாதம் வென்றது. ஏழை நாடுகளின் அமைச்சர்கள் பள்ளியையும் மருத்துவமனையையும் பற்றிப் பேச நேர்ந்ததில் அந்த எண்ணுக்குப் பெரும் பங்குண்டு. இதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஆயினும் ஹக்கின் வாழ்வில் அதற்கு முந்திய ஒரு நிகழ்ச்சி உண்டு. 1968இல், பாகிஸ்தான் திட்டக்குழுவின் தலைமைப் பொருளியலறிஞராக இருந்தபோதே, அவர் கராச்சியில் ஓர் உரை நிகழ்த்தினார். நாட்டின் தொழிற்சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருபத்திரண்டு குடும்பங்களின் கையில் இருக்கிறது என்று அவ்வுரையில் வெளிப்படுத்தினார். அன்றைய பாகிஸ்தான் வளர்ச்சிக்கு உதாரணமாக உலகெங்கும் காட்டப்பட்ட நாடு. அதன் வளர்ச்சி விகிதத்தைக் கணக்கிட்டவரே அவ்விகிதத்தின் மறுபக்கத்தைக் காட்டினார். 'இருபத்திரண்டு குடும்பங்கள்' என்ற சொற்றொடர் பாகிஸ்தானின் அரசியலையே அசைத்தது.

நாம் இங்கு நின்று நோக்க வேண்டும். 1968இல் ஹக் கேட்டது 'யாரிடம் இருக்கிறது' என்ற வினா. 1990இல் அவர் வகுத்த எண் விடை கூறுவது 'சராசரியாக எவ்வளவு இருக்கிறது' என்ற வினாவுக்கு. முதல் வினா இரண்டாவதற்குள் கரைந்து மறைந்துவிட்டது. துனீசியாவில் தவறிப்போனது சரியாக அந்த முதல் வினாதான்.

2011 மார்ச்சில் புதிய அரசு பின் அலீயின் குடும்பத்தார், நெருங்கியோர் என 114 பேரின் சொத்துக்களைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. அவ்வாறு வெளிப்பட்ட ஆவணங்களைக் கொண்டு உலக வங்கியின் ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அக்குடும்பத்தோடு தொடர்புடைய நிறுவனங்கள் 220. நாட்டின் தனியார் துறை வேலைவாய்ப்பில் அவற்றின் பங்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு. தனியார் துறையின் நிகர இலாபத்தில் அவற்றின் பங்கோ 21 விழுக்காடு. இது வெறும் கையூட்டினால் வந்ததன்று. தொலைத்தொடர்பு, விமானப் போக்குவரத்து போன்ற துறைகளில் அரசின் முன் அனுமதியின்றி எவரும் நுழையக்கூடாது என்று சட்டமே எழுதப்பட்டிருந்தது. அத்தகைய துறைகளில்தான் அந்நிறுவனங்கள் குவிந்திருந்தன; அவற்றுக்கேற்பச் சட்டமும் திருத்தப்பட்டது. பல்லாண்டு துனீசியாவைப் பாராட்டி வந்த உலக வங்கி, இதைக் காணத் தவறியது தன் பிழை என்பதை அதே ஆண்டில் ஒப்புக்கொள்ளவும் செய்தது. அந்த ஒப்புதலை நாம் மதிக்கிறோம். ஆனால் அது ஆட்சி வீழ்ந்தபின் வந்த சாட்சியம் என்பதையும் குறித்துக்கொள்கிறோம்.

அறிவிப்பாளரை ஆராய்தல்

ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரின் நினைவாற்றலையும் நேர்மையையும் ஆராய்வதோடு, அறிவிக்கும் செய்தியால் அவருக்கு ஆதாயம் உண்டா என்பதையும் பார்ப்பர். பின் அலீயின் ஆட்சியில் துனீசியாவின் வறுமைக் கணக்கை அறிவித்தது அவ்வரசே. 2005இல் வறியோர் 3.8 விழுக்காடு என்பது அதன் அறிவிப்பு. பன்னாட்டு அறிக்கைகள் இதனை அப்படியே எடுத்தாண்டன.

புரட்சிக்குப் பின் துனீசியப் புள்ளியியல் நிறுவனம், உலக வங்கியோடும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியோடும் சேர்ந்து கணக்கை மறுபடி போட்டு 2012இல் வெளியிட்டது. அதன்படி 2010இல் வறியோர் 15.5 விழுக்காடு. மக்கள் ஒரே நாளில் வறியோராகிவிடவில்லை. வறுமைக்கோட்டை எங்கே கிழிப்பது என்பது மாறியது, அவ்வளவே. கோடு கிழித்த கை யாருடையது என்று கேளாதவர்க்கு 3.8 என்பது ஓர் இயற்கை உண்மை போலத் தோன்றியிருந்தது.

நேர்மைக்காக இன்னொன்றையும் கூறியாக வேண்டும். அந்தப் புதிய கணக்கின்படியும் 2000இல் 32 விழுக்காடாக இருந்த வறுமை பத்தாண்டில் பாதிக்கும் கீழாகக் குறைந்தே இருந்தது. முன்னேற்றம் உண்மை. எனின் சினம் எங்கிருந்து வந்தது? விடை அக்கணக்கின் பகுப்பில் இருக்கிறது. தலைநகர் துனிஸைச் சூழ்ந்த வட்டாரத்தில் வறுமை ஏறத்தாழ 9 விழுக்காடு. சீதீ பூஸீத் அடங்கிய நடுமேற்கு வட்டாரத்தில் 32 விழுக்காடு. கடற்கரை நகரங்களையும் உள்நாட்டு ஊர்களையும் கூட்டி வகுத்தெடுத்த சராசரியில் இருவரும் இல்லை.

உள்நாடு முன்னரே பேசியிருந்தது. 2008 ஜனவரியில் கஃப்ஸா வட்டாரத்துப் பாஸ்பேட் சுரங்க ஊர்களில் வேலைக்கு ஆளெடுப்பதில் நடந்த முறைகேட்டை எதிர்த்து மக்கள் பல மாதங்கள் போராடினர், அடக்கப்பட்டனர். பன்னாட்டு நாணய நிதியத்தின் தலைவர் துனிஸில் புகழ்ந்து பேசியது அதே ஆண்டின் இறுதியில்தான். கஃப்ஸாவின் குரல் எந்தக் குறியீட்டெண்ணிலும் ஏறவில்லை.

கல்வியும் அவ்வாறே. பள்ளியில் பயிலும் ஆண்டுகள் கூடக்கூடக் குறியீட்டெண் உயர்கிறது. ஆனால் 2010இல் பட்டதாரிகளிடையே வேலையின்மை இருபது விழுக்காட்டுக்கும் மேல். படித்தவர் எதிர்பார்ப்பு உயர்ந்து, படிப்புக்கேற்ற வாயில் அடைபட்டிருக்குமாயின், கல்வியின் பெருக்கமே மனக்கசப்பின் பெருக்கமாகவும் ஆகிவிடும். குறியீட்டெண் முதலாவதைக் கூட்டியது, இரண்டாவதைக் கழிக்கவில்லை.

மக்களையே கேட்ட ஆய்வு ஒன்றும் இருந்தது. காலப் நிறுவனம் பல நாடுகளில் மக்களைத் தம் வாழ்வைத் தாமே மதிப்பிடச் சொல்லி வந்தது. துனீசியாவில் செழிப்பாக வாழ்வதாகக் கருதத்தக்கவர் 2008இல் 24 விழுக்காடு. 2010இல் 14 விழுக்காடு. இதே காலத்தில் தலைக்குரிய வருவாய் உயர்ந்துகொண்டிருந்தது. அடக்குமுறை நிலவும் நாட்டில் கருத்துக் கேட்பதும் ஐயத்திற்குரியதே என்பர் சிலர். அச்சத்தால் மக்கள் நிறைவையே மிகைப்படுத்துவர். அவ்வாறாயின் இந்த வீழ்ச்சி இன்னும் கவனத்திற்குரியதாகிறது. நலத்தை ஆராய்வோர் நலமுடையோரெனத் தாம் கருதும் மக்களின் சாட்சியத்தை இறுதியில் அன்று, முதலில் கேட்டல் வேண்டும்.

இதே உரைகல்லில் மறுதரப்பையும் உரைத்துப் பார்த்தல் நம் கடமை. பூஅஸீஸி வேலை கிடைக்காத பட்டதாரி என்று உலக ஏடுகள் எழுதின. அது தவறு, அவர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பையே முடித்தவரல்லர். அரபுப் பட்டதாரிகளின் துயரத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அவருடைய முகம் வசதியாக இருந்தது. மேடையில் நாம் செய்த அதே பிழையை அச்செய்தியாளர்கள் தெருவில் செய்தார்கள்.

தராசும் அதைப் பிடித்தவரும்

2010ஆம் ஆண்டு அறிக்கைக்கும் உரிய நீதியைச் செய்ய வேண்டும். நல்லவை யாவும் ஒருங்கே வருவதில்லை. உடல்நலமும் கல்வியும் உயர்ந்த நாட்டில் சுதந்திரம் இல்லாமலிருக்கலாம் என்று அது ஓர் அத்தியாயத்தையே எழுதியிருந்தது. ஏற்றத்தாழ்வைக் கழித்துக் கணக்கிடும் குறியீட்டெண்ணையும், வறுமையைப் பல பரிமாணங்களில் அளக்கும் முறையையும் அவ்வாண்டில்தான் அது அறிமுகம் செய்தது. ஆகவே எழுதியோர் அறியாதவரல்லர். ஆனால் நாடுகளின் தரவரிசை செய்தித்தாளின் முதற்பக்கத்துக்குப் போகிறது. எச்சரிக்கை உள்ளே இருக்கும் அத்தியாயத்தில் தங்கிவிடுகிறது. 2002ஆம் ஆண்டு அரபு அறிக்கையின் கதியும் இதுவே. சுதந்திரப் பற்றாக்குறை என்று அது சரியாகவே கண்டது. நாமோ அதை விட்டுவிட்டு ஸ்பெயின் கணக்கைத்தான் மேடைக்குக் கொண்டுபோனோம்.

1332இல் அதே துனிஸ் நகரில் பிறந்தவர் இப்னு கல்தூன். 1377இல் எழுதிய முகத்திமாவில், அநீதி ஒரு நாகரிகத்தின் அழிவுக்கு முன்னறிவிப்பு என்ற கருத்துக்கே தனி அத்தியாயம் ஒதுக்கினார். பிறர் பொருளை விலையின்றிப் பறிப்பது மட்டும் அநீதியன்று என்பது அவருடைய விரிந்த நோக்கு. உரிமையின்றி வேலை வாங்குவதும், குறைந்த விலைக்கு விற்கவும் மிகுந்த விலைக்கு வாங்கவும் மக்களை நெருக்குவதும், வணிகத்தின் வாயிலை ஆள்வோர் தமக்கே அடைத்துக்கொள்வதும் அதில் அடங்கும். தம் உழைப்பின் பயன் தம்மிடம் தங்காது என்று மக்கள் அறிந்துவிட்டால் உழைக்கும் கை பின்வாங்கிவிடும். அதிலிருந்து நாட்டின் தேய்வு தொடங்கும் என்று அவர் காரண காரியத்தோடு விளக்கினார். 220 நிறுவனங்களைப் பற்றிய 2014ஆம் ஆண்டு ஆய்வை வாசித்தபோது அந்த அத்தியாயமே நம் நினைவில் ஓடியது. துனிஸ் நகரின் மைய வீதியில் இப்னு கல்தூனுக்குச் சிலையும் இருக்கிறது. 2011 ஜனவரி 14 அன்று மக்கள் திரண்டது அவ்வீதியில்தான். சிலை வைத்த அரசுகள் நூலை வாசித்திருக்கலாம்.

இஸ்லாமிய நகரங்களில் முஹ்தசிப் என்னும் சந்தை அதிகாரி இருந்தார். தராசு சரியாக நிறுக்கிறதா என்று பார்ப்பது அவருடைய முதன்மைப் பணிகளுள் ஒன்று. வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் இடையே நீதி நிலவுவதற்காக அவர் தராசிடம் சென்றார். சீதீ பூஸீத்தில் அதிகாரி சந்தைக்கு வந்தது தராசை எடுத்துப்போவதற்காக. ஆயுளும் கல்வியும் வருவாயும் அளந்தவர்கள் இந்த வேறுபாட்டை அளக்கவில்லை. ஒரு குடிமகன் அரசு அலுவலகத்தின் வாயிலில் எவ்வாறு நடத்தப்படுகிறான் என்பதும் நாட்டின் நலத்தைச் சேர்ந்ததே.

சரியாக அளந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் கூறவில்லை. துனீசியா 2014இல் புதிய அரசியல் சட்டம் கண்டது. அந்நாட்டுக் குடிமை அமைப்புகள் நான்கின் கூட்டணி 2015இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. ஆனால் உள்நாட்டு ஊர்களுக்கு வேலை வந்து சேரவில்லை. 2021 ஜூலையில் அதிபர் கைஸ் ஸயீத் நாடாளுமன்றத்தை முடக்கினார். 2022இல் அதிகாரத்தைத் தம்மிடம் குவிக்கும் வேறொரு சட்டம் வந்தது. சுதந்திரம் கிடைத்தும் பிழைப்புக்கு வழி கிடைக்காத மக்கள் சுதந்திரத்தைக் காத்துக்கொள்ளவும் சோர்ந்துபோவர் என்பது அப்பத்தாண்டின் பாடம். நலம் என்பதன் கூறுகளில் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை ஈடுசெய்துவிட இயலாது.

ஆகவே இத்தகைய அறிக்கைகளை ஒதுக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஹதீஸ்களைத் திரட்டியோர் பலவீனமானவை உண்டு என்பதற்காகத் திரட்டுவதை நிறுத்தவில்லை. ஆராயும் கலையை வளர்த்தனர். நம் கல்லூரிகளில் அக்கலை இன்றும் உயிரோடிருக்கிறது. அதை நூலகத்துக்குள் வைத்துப் பூட்டிவிடாமல், நாளேட்டில் வரும் விழுக்காடுகள்மீதும் திருப்புவோமாக. இதைச் சொன்னவர் யார், அவர் யாரிடமிருந்து பெற்றார், கோட்டைக் கிழித்தவர் யார், இந்தச் சராசரிக்குள் மறைந்திருப்பவர் யார், அவரிடம் எவரேனும் கேட்டார்களா என்ற வினாக்கள் போதும். நமக்குச் சாதகமான எண்ணிடம் இவற்றை இன்னும் கடுமையாகக் கேட்க வேண்டும்.

அந்த மாணவர் கேள்வி கேட்ட ஆண்டின் இறுதியில், அதே ஆண்டு விழா மேடையில், முன்பு சொன்ன ஸ்பெயின் கணக்கு நிலைபெறாதது என்று அறிவித்து அதிலிருந்து மீண்டோம். தாம் அறிவித்ததில் பிழை கண்டால் வெளிப்படையாகத் திரும்பிக்கொள்வது முன்னோரின் வழி. அவையில் சிலருக்கு அது ஏமாற்றமாக இருந்தது. அந்தக் கணக்கைத் தாமும் பல இடங்களில் சொல்லிவிட்டதாக ஒரு பெரியவர் நம்மிடம் வந்து வருந்தினார். அவரும் சென்று திருத்திச் சொல்வார் என்று நம்புகிறோம்.